ஓடும் அடுப்படிக்கு எந்தக் குழாய்?

வீட்டு அடுப்படியில் கேஸ் சிலிண்டர் ஒரு மூலையில் நிற்கும். அடுப்பு மேடை மேல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் ஆரஞ்சு நிற டியூப். வருஷக்கணக்கில் இந்த மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே அடுப்படியைத் தூக்கி ஒரு குட்டியானை வண்டியின் முதுகில் வைத்து, தினமும் சாயங்காலம் ஓட்டிப்போய், ராத்திரி ஒரு மணிக்குத் திரும்ப ஓட்டி வந்தால் என்ன ஆகும்? வேகத்தடை, பள்ளம், இன்ஜின் அதிர்வு, கடல் காற்று, பகல் வெயில் எல்லாம் சேர்ந்து அந்த டியூபையும் அதன் இரண்டு முனைகளையும் பிடித்து ஆட்டும். குழாய் எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் ஒரு கேள்வியாகவே ஆகிறது.

அமெரிக்காவில் இதை வெகுகாலமாக யோசித்து வைத்திருக்கிறார்கள். அங்கே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேம்பர் டிரெய்லர் என்ற சின்ன வீடு உண்டு. அதற்குள் அடுப்பு, வெந்நீர் பாய்லர், ஃபிரிட்ஜ்கூட புரொப்பேன் வாயுவில் ஓடும். பெரும்பாலும் தரைக்கு அடியில் இரும்புக் குழாயை முதுகெலும்பு மாதிரி ஓடவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் செம்புக் குழாயைக் கிளை பிரிக்கிறார்கள். குளிர்ப் பிரதேசம் என்பதால் அவர்களுக்குப் புரொப்பேன்தான் தோது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் எல்.பி.ஜி. சிலிண்டரில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. மற்றபடி ஓடுகிற வண்டி, உள்ளே நெருப்பு, நடுவே குழாய் என்ற கணக்கு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

எனக்கு இது பாடப்புத்தகத்திலிருந்து வந்த கேள்வி இல்லை. தூத்துக்குடியில் என் பெரியப்பா பழைய குட்டியானை ஒன்றை வாங்கி ராத்திரி பரோட்டா வண்டியாக மாற்றினார். பெரியம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன் அதில் இருக்கிறது. பாடி கட்டி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, நீ மெக்கானிக்கல்தானல படிக்க? கேஸுக்கு என்ன பைப்பு போடணும்னு சொல்லு. நீ சொல்லுததத்தான் போடப்போறேன்" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். நான் எதைச் சொன்னாலும் "படிச்ச பிள்ள சொல்லிட்டான்" என்று அப்படியே செய்துவிடுவார்கள். ஒருத்தரும் மறுத்துக் கேட்க மாட்டார்கள். பெரியம்மாவும் அண்ணனும் அந்த வண்டிக்குள் தினம் ஏழு மணி நேரம் நிற்கப்போகிறவர்கள். வாயில் வந்ததைச் சொல்லக் கூடாது என்று நோட்டும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தேன். அந்த நோட்டில் எழுதியவைதான் இங்கே.

முதலில் நம் எதிரி யார் என்று பார்த்துவிடுவோம். எல்.பி.ஜி. ஆவி காற்றைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 9 சதவீதத்தைத் தாண்டினால் எரியக் காற்றுப் போதாது. குட்டியானையின் தளம் ஏறக்குறைய 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், அதாவது 3.3 சதுர மீட்டர். உயரம் 1.8 மீட்டர் என்று வைத்தால் உள்ளே 6 கன மீட்டர் காற்று. இதில் 2 சதவீதம் என்றால் 120 லிட்டர் ஆவி. நம் ஊர் சூட்டில் ஒரு லிட்டர் ஆவி சுமார் 2 கிராம் என்று எடுத்தால், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கேஸ். "அவ்வளவு கசிந்தா வாடை தெரிஞ்சிராதா?" என்று தோன்றும். ஆனால் வாயு சமமாகப் பரவுவதில்லையே. தரையில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் படிந்தால் கணக்கு 0.33 கன மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதில் 2 சதவீதத்துக்கு 13 கிராம் போதும். ஒரு டம்ளர் காபிக்குப் போடும் சர்க்கரை எடை! நிற்கிறவரின் மூக்கு அதற்கு ஐந்தடி மேலே இருக்கிறது. வாடைக்காகக் கலக்கும் எத்தில் மெர்காப்டான் அந்த உயரத்துக்கு எட்டுவதற்கு முன்னால் கீழே ஒரு பொறி பட்டால் முடிந்தது.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் அனுமதியில்லாமல் கொண்டுவந்த சிலிண்டரில் உள்ளே அடுப்பு பற்றவைத்திருந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். சக்கரத்தின் மேல் இருக்கிற அடைத்த பெட்டிக்குள் கேஸ் என்ன செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அழுத்தத்தால் குழாய் வெடிக்குமா?

பெரியப்பாவின் முதல் பயம் இதுதான். "தடிமனா பாத்துப் போடுல, வெடிச்சிரப் போவுது." நம்மிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் மெல்லிய உருளைக்கான ஹூப் ஸ்ட்ரெஸ் சூத்திரம் படித்தோமே, அழுத்தத்தை உள்விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுப்பது; அதைப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம், அதாவது வெறும் 30 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். கேம்பர் டிரெய்லரிலும் 11 அங்குலத் தண்ணீர்தான், ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். இரண்டு நாட்டுக்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பரோட்டாக் கல்லுக்கு அது போதாது. ஹை பிரஷர் பர்னர் வேண்டும், அதற்கு ஒரு பார் அளவுக்கு விடும் ரெகுலேட்டர் போடுகிறோம். சிலிண்டருக்கு உள்ளேயோ, வெயிலில் சூடேறி 50 டிகிரி ஆனால், கலவையைப் பொறுத்து 10 பாரை நெருங்கும், புரொப்பேன் அதிகமிருந்தால் தாண்டவும் செய்யும். ரெகுலேட்டர் அடியோடு கெட்டுப்போய் 15 பார் முழுவதும் குழாய்க்குள் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 15 மி.மீ. வெளிவிட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள செம்புக் குழாயில் உள்விட்டம் 13 மி.மீ. 1.5 நியூட்டனை 13-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 9.75 நியூட்டன். மிருதுவாக்கிய செம்பே சுமார் 200 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும். இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை.

ஆக, குழாயின் உடம்பு வெடிக்கிற பேச்சே இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது என் மனசு லேசானது. கூடவே கேள்வியும் மாறிவிட்டது. எந்தக் குழாய் பலமானது என்பதல்ல. எந்தக் குழாய்க்கு இணைப்புகள் குறைவு, எந்தக் குழாய் ஆட்டத்தையும் உப்பையும் தீயையும் தாங்கும் என்பதுதான் கேள்வி.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

டியூப் மட்டுமே போட்டால் என்ன என்றுதான் அண்ணன் கேட்டான். சிலிண்டரிலிருந்து பர்னர் வரை ஒரே டியூப், வேலையும் சுலபம், செலவும் குறைவு. சாதாரண இயற்கை ரப்பரை எல்.பி.ஜி. ஊறவைத்து உப்பச் செய்துவிடும். அதனால் கேஸ் டியூபின் உள்பக்கத்துக்கு நைட்ரைல் போன்ற, எண்ணெய்க்கும் ஹைட்ரோகார்பனுக்கும் அசராத செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். ஐ.எஸ். 9573 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். தண்ணீருக்கு விற்கிற பச்சை பி.வி.சி. டியூபைப் போட்டால் அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரைக் கேஸ் மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். டியூப் விறைத்து, மடிப்பில் வெடிப்பு விழும். வண்டிக் கடைகளில் இதை இன்னும் பார்க்கிறோம். பார்த்தால் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நல்ல டியூபுக்கே மூன்று குறைகள். வீட்டு அடுப்புக்கான ஆரஞ்சு டியூப் வீட்டு அழுத்தத்துக்காகச் செய்தது. ஹை பிரஷர் பர்னருக்கு அதைப் போடுவது சரியல்ல, அதற்கென்று தனியாக வயர் பின்னிய ஹோஸ் உண்டு. இரண்டாவது, அதற்கு ஆயுசு உண்டு. வீட்டில் ஐந்து வருஷம் என்கிறார்கள். பக்கத்தில் பரோட்டாக் கல் தகிக்கிற இடத்தில் அந்த ஐந்தை நான் நம்பமாட்டேன். மூன்றாவது எலி. பகலெல்லாம் வேப்பமரத்தடியில் நிற்கிற, எண்ணெயும் மாவும் வாசம் வீசுகிற வண்டிக்குள் எலி வராமல் இருக்குமா? ஆகவே நகர வேண்டிய இடத்தில் மட்டும், அதாவது சிலிண்டருக்கும் நிரந்தரக் குழாய்க்கும் நடுவில், கண்ணில் படுகிற மாதிரி ஒரு சின்னத் துண்டு. அதற்கு மேல் ரப்பர் வேண்டாம்.

அடுத்து ஜி.ஐ. குழாய். வேலைக்கு வந்த பிட்டர் இதைத்தான் சொன்னார். ஓட்டல்களில் சிலிண்டர்களை வரிசையாக அடுக்கி இரும்புக் குழாயில் லைன் கொடுக்கிறார்கள். பல வருஷம் நிற்கிறது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஐ.எஸ். 1239 குழாயில் மூன்று வகை என்பது நமக்குத் தெரியும்: மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ், நீலப் பட்டை பி கிளாஸ், சிவப்புப் பட்டை சி கிளாஸ். அரை அங்குலக் குழாயில் இவற்றின் தடிமன் முறையே 2.0, 2.6, 3.2 மி.மீ. இங்கேதான் ஒர்க்‌ஷாப்பில் டை வைத்து மரை வெட்டியது ஞாபகத்துக்கு வர வேண்டும். அரை அங்குல பி.எஸ்.பி. மரையின் ஆழம் 1.16 மி.மீ. மரை வெட்டிய பிறகு அடியில் மிஞ்சுவது ஏ கிளாஸில் 0.84 மி.மீ., பி கிளாஸில் 1.44, சி கிளாஸில் 2.04. மொத்தக் குழாயின் பலமும் அந்த மெல்லிய வளையத்தில்தான் நிற்கிறது. கூடவே மரையின் அடி கூர்மையான வெட்டு. அதிர்வில் விரிசல் ஆரம்பிக்கிற இடமும் அதுதான். கட்டடத்தில் யாரும் சுவரைப் பிடித்து ஆட்டுவதில்லை. வண்டியில் ஒவ்வொரு எல்போவும், ஒவ்வொரு டீயும், ஒவ்வொரு யூனியனும் நாள் முழுக்க ஆடும். பிட்டர் போட்டுக் காட்டிய படத்தில் மரை இணைப்புகளை எண்ணினேன்: பதினேழு. கடல் காற்றில் மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் போயிருக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். இரும்புதான் வேண்டும் என்றால் சி கிளாஸ் வாங்கி, மரைக்குப் பதில் வெல்டிங் செய்து, முதுகெலும்பாக ஒரே நீளம் போடலாம். பெரிய வேன் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஏழடி வண்டிக்கு அது பாரம்.

அலுமினியம் லேசு, விலையும் தோது. ஆனால் பாத்திரம் கழுவும் சோடாத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் காரம் அதை அரிக்கும். உப்புக் காற்றில் பித்தளை நட்டோடு சேர்த்து முடுக்கினால், இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் கரையும். 660 டிகிரியில் உருகியும் விடும். வேண்டாம்.

மஞ்சள் நிற பாலிஎத்திலீன் குழாயைத் தெருத் தெருவாகப் புதைக்கிறார்களே, இயற்கை எரிவாயு லைனுக்கு, அதைப் போடலாமே என்று வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். ஐ.எஸ். 14885 தரத்தில் வருகிற அருமையான குழாய்தான், மண்ணுக்கு அடியில். அங்கே வெயிலும் இல்லை, தீயும் இல்லை. பரோட்டாக் கல்லுக்கு அருகில் அது மெழுகுவத்தி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பலம், அழகு, தீயைத் தாங்கும் குணம் எல்லாம் உண்டு. நெளிநெளியான ஃப்ளெக்சிபிள் ஹோஸாகவும் கிடைக்கிறது. "எஸ்.எஸ். துருப்பிடிக்காதே" என்று நாம் சொல்வது தூத்துக்குடியில் பாதி உண்மை. உப்பில் இருக்கும் குளோரைடு 304 ரகத்தில் ஊசி முனை மாதிரி குழி போடும். இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். நெளிவு ஹோஸின் சுவர் மிக மெல்லியது என்பதால் அங்கே குழி விழுந்தால் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். பர்னரின் சூட்டுக்கு நெருக்கமான கடைசி இரண்டடிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்று குறித்தேன்.

கடைசியில் செம்பு

செம்புக் குழாய் சுருளாக வருகிறது. மூன்று மீட்டர் தூரத்துக்கு நடுவில் ஒரு இணைப்புகூட இல்லாமல், வளைவுகளைக் கையாலேயே வளைத்து ஓட்டலாம். இதற்காகவே அதற்கு என் ஓட்டு. கடல் காற்றில் மேலே கறுத்து, பிறகு பச்சை பூசிக்கொள்ளும். ஆனால் இரும்பு மாதிரி செதில் செதிலாக உதிராது. 1085 டிகிரி வரை உருகாது. நம் எல்.பி.ஜி.யின் தர விதியான ஐ.எஸ். 4576-இல் செம்புத் தகட்டை வாயுவில் வைத்து அரிப்பு பார்க்கும் சோதனையே ஒன்று இருக்கிறது. ஆகவே உள்ளிருந்து கந்தகம் அரிக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம்.

ஆனால் செம்புக்கு ஒரு கெட்ட குணம். ஒரு துண்டுச் செம்புக் கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதல் வளைப்பு வெண்ணெய். நாலாவது வளைப்புக்கு விறைக்கும். பிறகு ஒடியும். வொர்க் ஹார்டனிங் என்று மெட்டலர்ஜியில் படித்தது இதுதான். வண்டி அதிர்வில் தொங்கிக்கொண்டிருக்கிற செம்புக் குழாய் இதே வேலையைச் சிறுகச் சிறுக, லட்சம் தடவை செய்யும். அதனால் அரை மீட்டருக்கு ஒன்றுக்குக் குறையாமல் கிளாம்ப் வேண்டும். கிளாம்புக்குள் ரப்பர் பட்டை வேண்டும்; இல்லாவிட்டால் உராய்ந்து தேயும், போதாததற்குச் செம்பும் இரும்பு பாடியும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இரும்பு அரிக்கும். அப்புறம் சூட்டில் நீளுவது. மூன்று மீட்டர் செம்பு 40 டிகிரி ஏறினால் 2 மி.மீ. நீளும், இரும்பு பாடி 1.4 மி.மீ.தான் நீளும். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். சின்னதுதான், ஆனால் அது போய் விழுவது முனை இணைப்பில். சிலிண்டர் பெட்டிச் சுவரைத் தாண்டியதும் குழாயை ஒரு முழுச் சுற்று சுற்றி விட்டால் அந்த வளையம் நீட்டத்தையும் வாங்கிக்கொள்ளும், அதிர்வையும் வாங்கிக்கொள்ளும்.

முனை இணைப்புக்கு ஃபிளேர். ஏ.சி. மெக்கானிக் குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்து நட் போட்டு முடுக்குகிறாரே, அதுவேதான். உலோகமும் உலோகமும் நேராக அழுந்தி அடைப்பதால் அங்கே டெஃப்ளான் டேப் சுற்றக் கூடாது, சுற்றினால்தான் கசியும். சில பேர் ஈயப் பற்று வைத்து ஒட்டிவிடுகிறார்கள். சாதாரண ஈய-வெள்ளீயப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சின்னத் தீ ஒன்று பிடித்தாலே இணைப்பு திறந்து, சின்னத் தீக்குக் கேஸ் ஊட்டும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 500 டிகிரிக்கு மேல் உருகும் கம்பியால் பிரேசிங்.

குழாயின் விட்டத்தையும் பார்த்துவிடலாம். ஹைட்ராலிக்ஸில் படித்த உராய்வு இழப்பு, ஒரே அளவு ஓட்டத்துக்கு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழ். விட்டம் பாதியானால் இழப்பு 32 மடங்கு. மூன்று பர்னரும் சேர்ந்து மணிக்கு 2.5 கிலோ எரித்து, வீட்டு அழுத்தத்திலேயே லைன் ஓடுவதாகக் கணக்குப் போட்டால், அரை அங்குலச் செம்பில் மூன்று மீட்டருக்குச் சுமார் 115 பாஸ்கல் இழப்பு. உள்விட்டம் 6 மி.மீ. குழாயில் அதுவே 2,200-ஐத் தாண்டுகிறது. இருக்கிறதே 2,940 பாஸ்கல்தான். அடுப்பு தூங்கிவிடும். ஒரு பாரில் ஓட்டினால் சின்னக் குழாயே போதும். ஆனால் ஒரே ஓட்டையில் ஒரு பார் லைன், வீட்டு அழுத்த லைனைவிடச் சுமார் 5 மடங்கு கேஸை வெளியே தள்ளும். இரண்டு பக்கமும் யோசித்து, பரோட்டாக் கல்லுக்கு மட்டும் ஹை பிரஷரில் தனிக் குழாய், சால்னாவுக்கும் டீக்கும் வீட்டு அழுத்தத்தில் அரை அங்குலக் குழாய் என்று பிரித்தேன். இதற்கு ரெகுலேட்டர் இரண்டு, சிலிண்டர் இரண்டு. பெரியப்பாவுக்குச் செலவு பிடிக்கவில்லை. "ஒண்ணுல முடிக்க முடியாதாடே?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். சரி என்றுவிட்டார்.

இரண்டும் 19 கிலோ வணிகச் சிலிண்டர்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டு எல்.பி.ஜி. விநியோக ஆணைப்படி குற்றம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கும் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த வேலையைப் பெரியப்பா முன்பே முடித்திருந்தார்.

சிலிண்டருக்கு வண்டியின் பின்பக்கம் ஒரு இரும்புப் பெட்டி. கதவு வெளியே திறக்கும். சமையல் பகுதிக்கும் பெட்டிக்கும் நடுவில் சந்தே இல்லாத தகடு. பெட்டியின் அடியில் தரையைப் பார்த்து இரண்டு துவாரங்கள், ஏனென்றால் கேஸ் கீழேதான் போகும். சமையல் பகுதியின் தளத்திலும் இரண்டு மூலைகளில் வலை வைத்த துவாரம் போடச் சொன்னேன். முன்னே போட்ட 13 கிராம் கணக்கு அங்கே தேங்காமல் ரோட்டுக்கு இறங்கிவிடும். சிலிண்டர் எப்போதும் நின்றபடிதான் இருக்க வேண்டும், பெல்ட் கட்டி. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்கு வரும். ஒரு பங்கு திரவம் விரிந்தால் 250 பங்கு ஆவி.

பொருத்தும் வேலையைக் கேஸ் லைன் பழகிய அந்த பிட்டரேதான் செய்தார். நான் மேற்பார்வை என்று பெயருக்கு நின்றேன். முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டவர், மரை ஆழக் கணக்கைச் சொன்னதும் "அது வாஸ்தவம்தான் தம்பி" என்று இறங்கி வந்தார். ஃபிளேர் நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதை அவர் கை சொல்லிக் கொடுத்தது போல எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

சோதனை

கேஸைத் திறந்து சோதிப்பது தவறு. முதலில் காற்று. ரெகுலேட்டரையும் பர்னர்களையும் கழற்றி, முனைகளை அடைத்து, ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, பம்பால் 2 பார் காற்று ஏற்றினோம். சாயங்காலம் ஏற்றிக் காலையில் பார்த்தால் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரியப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. இங்கே தெர்மல் பாடம் உதவியது. கேஜில் 2 என்றால் உண்மையான அழுத்தம் 3 பார். சாயங்காலம் 37 டிகிரி, அதாவது 310 கெல்வின். விடியற்காலை 27 டிகிரி, 300 கெல்வின். மூன்றைப் பத்தால் பெருக்கி 310-ஆல் வகுத்தால் 0.1 பார் குறைய வேண்டும். அவ்வளவுதான் குறைந்திருந்தது. மத்தியானம் வெயில் ஏறியதும் முள் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நின்றது. கசிந்த காற்று திரும்பி வருமா?

பிறகு எல்லா முனையிலும் சோப்பு நுரை. இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ, அந்த மாதிரி சோப்பையோ பித்தளை நட்டில் தடவக் கூடாது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் பட்டாளத்தின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள், குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. மழைக்காலத்தில் வந்ததால் சீசன் கிராக்கிங் என்றே அதற்குப் பெயர் ஆயிற்று. 1921-இல் வெளியான ஆராய்ச்சியில் இதன் காரணத்தை விளக்கினார்கள். இழுவிசையில் முடுக்கியிருக்கிற பித்தளை, அம்மோனியா, ஈரம் மூன்றும் சேர்ந்தால் போதும். நம் ஃபிளேர் நட்டும் முடுக்கிய பித்தளைதானே. நாங்கள் குளியல் சோப்பைக் கரைத்துத் தடவி, பார்த்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டோம். ஒரு வால்வின் அடியில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. பிட்டர் அதைக் கழற்றி, ஃபிளேரில் ஒரு கீறல் இருப்பதைக் காட்டி, அரை அங்குலம் வெட்டி மறுபடி விரித்தார். குமிழ் நின்றது. அந்த அரை அங்குலத்துக்காகத்தான் ஒவ்வொரு முனையிலும் குழாயைக் கொஞ்சம் நீளமாக விட்டு வைக்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

இப்போது வண்டி ஓடுகிறது. கிளம்பும்போது இரண்டு சிலிண்டரின் வால்வும் மூடியிருக்கும். போய் நின்று, பின்கதவைத் திறந்து காற்றாட விட்ட பிறகுதான் திறப்பார்கள். கூட்டம் அதிகமான ராத்திரிகளில் பரோட்டாச் சிலிண்டரின் அடிப்பாகத்தில் வியர்த்து, சில சமயம் பனிகூடப் படிகிறதாம். ஒரு கிலோ கேஸ் ஆவியாக 350 முதல் 400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டர் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பர்னர் மந்தமானால் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுகிற பழக்கம் பல கடைகளில் உண்டு. பெரியம்மாவிடம் ஊற்றவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் சால்னா அடுப்பில் வேலையைப் பார்த்தால் அதுவே சரியாகிவிடும். கிளாம்புகளை மாதம் ஒருமுறை கையால் அசைத்துப் பார்ப்பது அண்ணன் வேலை. ரப்பர் ஹோஸ் மாற்ற வேண்டிய மாதத்தைச் சிலிண்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறான்.